பாதை பத்திரமா? கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்!

(உவரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

உவரி சிறிய ஊர்தான். ஆனால் இந்த ஊரின் முகம் உலகத்தைப் பார்த்து இருக்கிறது. அந்தோணியார் கோயிலுக்கும் கப்பல் மாதா கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். சுலைமான் நபியின் கப்பல்கள் வந்து போன ஓபீர் துறைமுகம் இதுதான் என்று சொல்வாரும் உண்டு. அது மெய்யா என்பதை ஆராய்ச்சியாளர்கள் தீர்க்கட்டும். இந்தக் கரைக்காரன் கடல் தாண்டிப் போகிறவன் என்பதற்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை!

2025ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரான் மீது குண்டு வீசத் தொடங்கியது. உலகம் எண்ணெய் விலை ஏறுமா என்று பார்த்தது. உவரி மட்டும் தன் பிள்ளைகளைத் தேடியது. இங்கிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போன மீனவர்கள் கிஷ் தீவுப் பக்கம் சிக்கிக் கொண்டார்கள். தொழில் நின்றது. திரும்பி வர வழி இல்லை. வீட்டுப் பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அரசியல்வாதிகளின் வீட்டுக்கும் அலைந்தார்கள். பன்னிரண்டு நாள் போர் நின்று, அதன் பிறகே அவர்கள் ஊர் வந்து சேர முடிந்தது.

அந்தக் கிஷ் தீவு நமக்குப் புதிய ஊரா? இல்லை சகோதரர்களே! சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்துக்குக் குதிரைகளை ஏற்றி அனுப்பியதே கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன்தான். அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டிய மன்னனின் அமைச்சராகவே இருந்தார். ஹுர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் காயலில் நின்றதை மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். போக்குவரத்து பழையது, உறவு பழையது. ஆகவே "வெளியே போகாதே, வீட்டிலேயே இரு" என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. போவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

பக்தாத் அழைக்கிறது

இன்று நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது: "பக்தாத் பார்க்கப் போகலாமா? மோஸுல் பார்க்கப் போகலாமா? செல்போனில் வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் போய் வருகிறார்களே!" பெரியவர்கள் கேட்பது வேறு விதம்: "சாவதற்குள் ஒரு முறை முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அடங்கியிருக்கும் ஊரைப் பார்த்துவிட வேண்டும்." அடக்கத்தலங்களுக்குப் பயணம் போவது பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. போவது என்று முடிவு செய்தவரின் உயிர் பற்றியே பேசுகிறேன்.

ஆசைப்படுவதில் தவறு சொல்ல முடியாது. ஈராக் என்பது சாதாரண மண்ணா? மனிதன் எழுதக் கற்ற மண். பாபிலோன் நகரின் சுவர்கள் இருக்கும் மண். 2019இல்தான் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. 762இல் கலீஃபா மன்சூர் கட்டிய பக்தாத், அறிவுலகத்தின் தலைநகராக இருந்தது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பது அங்கேதான். நான்கு மத்ஹபுகளையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்த முஸ்தன்சிரிய்யா மதரஸாவின் கட்டடம் இன்றும் திஜ்லா நதிக்கரையில் நிற்கிறது. மதரஸாவில் ஓதிய எவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளம் சிலிர்க்காது? ஸாமர்ராவில் நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி 52 மீட்டர் உயரம் எழும் மினாரா இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டியது!

ஆனால் இதே மண்ணின் இன்னொரு பக்கத்தையும் படியுங்கள். 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதை அழித்தது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். அழிவு அத்தோடு முடிந்ததா? 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பக்தாதுக்குள் நுழைந்தது. காவல் இல்லாமல் கிடந்த தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளையர்கள் புகுந்து சூறையாடினார்கள். சுமார் 15,000 பொருட்கள் போயின. அதே மாதம் தேசிய நூலகம் தீக்கிரையானது. 2005இல் ஸாமர்ரா மினாராவின் உச்சியைக் குண்டு வைத்துப் பெயர்த்தார்கள். 2007 மார்ச் 5 அன்று பக்தாதின் புத்தகக் கடைத் தெருவான முதனப்பி தெருவில் கார் குண்டு வெடித்தது. புத்தகம் வாங்க வந்தவர்களும் விற்க இருந்தவர்களும் செத்தார்கள். அவர்களில் எவர் கையில் ஆயுதம் இருந்தது? வெடிகுண்டு ஆள் பார்த்து வெடிப்பதில்லை, சகோதரர்களே!

மோஸுல் நகரைப் பாருங்கள். 1172இல் நூருத்தீன் ஸங்கி கட்டிய நூரி பள்ளிவாசல். அதன் சாய்ந்த மினாரா எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது. 2017 ஜூன் 21 அன்று, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஐ.எஸ். கும்பல் வெடி வைத்து அதைத் தகர்த்தது. தொழுகை நடக்கும் பள்ளியை இடித்தவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள்? பிறகு யுனெஸ்கோவும் ஐக்கிய அரபு அமீரகமும் ஈராக் அரசும் சேர்ந்து அதை மீண்டும் எழுப்பின. அதே திட்டத்தில் மோஸுலின் பழைய கிறிஸ்தவ ஆலயங்களும் புதுப்பிக்கப்பட்டன. பள்ளியும் மாதா கோயிலும் ஒன்றாக இடிந்தன, ஒன்றாக எழுந்தன. உவரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. இதைப் படித்துவிட்டு, "திறந்துவிட்டார்களே, இனி பயமில்லை" என்று டிக்கெட் எடுக்க ஓடுகிறீர்களா? சற்று நில்லுங்கள். 2024 ஜூனில், அந்தப் பள்ளியின் தொழுகைக் கூடத்துச் சுவருக்குள் ஐந்து பெரிய வெடிகுண்டுகள் புதைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து! அத்தனை நாளும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கொத்தனாரும் சித்தாளும் வேலை பார்த்திருக்கிறார்கள். போர் முடிந்தது என்று செய்தித்தாள் சொல்லும். புதைந்த வெடி செய்தித்தாள் படிப்பதில்லை.

தூர தேசம் வேண்டாம், எதிர்க்கரை இலங்கையைப் பாருங்கள். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தங்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம்! போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் கடந்தும் முகமாலை மண்ணில் கண்ணிவெடி தோண்டி எடுத்துக் கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பியவர் சொந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"எல்லாம் விதிப்படி நடக்கும் மவ்லவி! மரணம் உவரியிலும் வரும், பக்தாதிலும் வரும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு ஈமான் உறுதி போலத் தெரியும். ஆனால் உமர் (ரலி) அவர்களை விட உறுதியான ஈமான் நமக்கு உண்டா?

அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டுச் சர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. உடனே அவர்கள் ஆலோசனை கேட்டார்கள். ஒரு குழுவினரிடம் மட்டுமா? முஹாஜிர்களிடம், அன்சாரிகளிடம், பிறகு குறைஷி முதியவர்களிடம். கேட்டு முடித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள், இது இறைவிதியை விட்டு ஓடுவதாகாதா என்று கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான மேய்ச்சல் நிலமும் வறண்ட நிலமும் எதிரெதிரே இருந்தால், எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். நாட்டின் தலைவரே, பெரும் கூட்டத்தோடு, பாதி வழியில் திரும்பினார்! நாம் டிக்கெட் பணம் வீணாகிறதே என்று திரும்ப மறுக்கிறோம்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஹஜ் கட்டாயக் கடமை. அந்தக் கடமைக்கே வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்ட அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வழி பத்திரமில்லை என்றால் அந்த ஆண்டு புறப்படுவது கடமையாகாது. ஃபர்ளுக்கே இந்தச் சலுகை என்றால், சுற்றுலாவுக்கு எந்தக் கட்டாயம் வந்தது?

உலகம் சுற்றிய இப்னு பதூதா எப்படிப் போனார்? 1344இல் அவர் கப்பல் இலங்கையின் புத்தளக் கரையை அடைந்தது. அங்கே ஆட்சியிலிருந்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்பது இப்னு பதூதாவின் ஆசை. அவர் தன் விருப்பத்துக்கு மலையை நோக்கி நடக்கவில்லை. மன்னரைச் சந்தித்தார், அனுமதி கேட்டார். மன்னர் பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய் வரும் யோகிகளையும், பிராமணர்களையும், உணவு சுமக்க ஆட்களையும் உடன் அனுப்பினார். வழிகாட்டிகள் எந்த மதம் என்று அவர் பார்த்தாரா? வழி தெரிந்தவரா என்று பார்த்தார்! அனுமதி, துணை, உணவு, வழி அறிந்தவர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவசியமாக இருந்த இந்த நான்கும் இன்றும் அவசியமே.

பிழைப்புக்குப் போகிறவரே!

ஊரைப் பார்க்கப் போகிறவரை விட, பிழைப்புக்குப் போகிறவருக்கே ஆபத்து அதிகம். 2014 ஜூனில் மோஸுல் விழுந்தபோது அங்கே கட்டட வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டார்கள். பஞ்சாப், ஹிமாச்சல், பீகார், மேற்கு வங்க மாநிலத்து ஏழைப் பிள்ளைகள். 39 பேர் கொல்லப்பட்டார்கள். அது உறுதியாக அறிவிக்கப்பட்டது 2018 மார்ச் 20 அன்று! ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்தத் தாய்மார்கள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அதே 2014இல் திக்ரித்தில் சிக்கிய 46 செவிலியர்கள் ஜூலை 5 அன்று உயிரோடு கொச்சி வந்து இறங்கினார்கள். கேரளத்துப் பெண்களோடு நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். ஒரே நாடு, ஒரே போர். ஒரு கூட்டம் மீண்டது, ஒரு கூட்டம் மீளவில்லை.

ஏமனில் 2015இல் போர் மூண்டபோது நம் அரசு கப்பலும் விமானமும் அனுப்பி 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களையும் 960 வெளிநாட்டவரையும் மீட்டது. பாராட்ட வேண்டிய பணி! ஆனால் மீண்டவர்களில் சிலர் சம்பளத்துக்காக மறுபடியும் போனார்கள். கடைசியில் 2017இல் ஏமன் பயணத்துக்கே அரசு தடை போட்டது. ஸன்ஆவின் பழைய நகரமும், ஹளரமவ்த் பகுதியில் மண்ணாலேயே அடுக்கு மாடிகள் எழுப்பிய ஷிபாம் நகரமும் உலகப் பொக்கிஷங்கள்தான். அவற்றைப் பார்க்க நமக்கு ஆயுள் இருந்தால் போதும், அவசரம் தேவையில்லை.

ஏஜெண்ட் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். முறையான குடியகல்வு அனுமதி பெற்று வேலைக்குப் போகிற தொழிலாளிக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு உண்டு; விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போனவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பட்டியலில் இல்லாதவனை யார் தேடுவார்கள்?

சாதாரணப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டோம் என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் போரினால் வரும் இழப்புக்குப் பணம் தருவதில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வீரம் காட்டப் போகிறவரே!

இளைஞர்களே, இப்போது உங்களோடு மனம் விட்டுப் பேசுகிறேன். 2014 மே மாதம் மும்பைக்குப் பக்கத்திலுள்ள கல்யாணிலிருந்து நான்கு இளைஞர்கள் ஜியாரத் குழுவோடு பக்தாத் போனார்கள். அங்கே குழுவை விட்டுப் பிரிந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஐ.எஸ். கும்பல். அவர்களில் ஒருவர் அதே ஆண்டு திரும்பி வந்தார். ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார். 39 இந்தியத் தொழிலாளர்களைக் கொன்றதும், நூரி பள்ளியைத் தகர்த்ததும் அதே கும்பல்தான். செல்போனில் இனிக்க இனிக்கப் பேசி, "உம்மத்துக்காக வா" என்று அழைக்கிறவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் பெயர் என்ன? உன் ஊர் எது? உன் பிள்ளையை அனுப்பினாயா?" பதில் வராது!

அந்த நால்வர் செய்ததால் சங்கடப்பட்டவர்கள் யார்? நியாயமாகப் பயணம் போய் வரும் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள். விமான நிலையத்தில் தாடி வைத்த வணிகர் தனியே நிறுத்தி விசாரிக்கப்படுகிறார் என்றால் அந்த அநீதியை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். அதே நேரம், நம் வீட்டுப் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று நாம் கேட்கவும் வேண்டும். இரண்டும் நம் கடமை.

வணிகர்களுக்கு ஒரு சொல்

போர் நாட்டில் பழம்பொருள் மலிவாகக் கிடைக்கும். ஒரு களிமண் முத்திரை, ஒரு பழைய நாணயம், ஓர் உடைந்த ஓடு. "நூறு ரூபாய்க்கு வாங்கி லட்ச ரூபாய்க்கு விற்கலாம்" என்று ஆசை காட்டுவார்கள். தொடாதீர்கள்! அது ஒரு மக்களிடமிருந்து திருடப்பட்ட சொத்து. ஈராக்கின் தொல்பொருட்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று 2003லேயே ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. 2022இல் எரிது என்ற பழைய நகரைச் சுற்றிப் பார்க்கப் போன பிரிட்டன் நாட்டு முதியவர் ஒருவர், தரையில் கிடந்த சில ஓட்டுச் சில்லுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் பிடிபட்டார். தீர்ப்பு 15 ஆண்டு சிறை! மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். அவருக்காகப் பேச அவர் நாடே திரண்டது. நமக்காக யார் திரள்வார்கள் என்று யோசித்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது, வெளியுறவு அமைச்சகம் அந்த நாட்டைப் பற்றி என்ன அறிவிப்பு விட்டிருக்கிறது என்று, டிக்கெட் எடுக்கும் அன்றும் பாருங்கள். புறப்படும் அன்றும் பாருங்கள். போர் நாட்டில் ஒரு வாரம் என்பது நீண்ட காலம். போகாதீர்கள் என்று சொன்னால் போகாதீர்கள்.

இரண்டாவது, போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தூதரகத் தொலைபேசி எண்ணைச் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். காகிதத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். செல்போன் முதல் நாளே செத்துப் போகலாம்.

மூன்றாவது, தனியே போகாதீர்கள். மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். தலைவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும்.

நான்காவது, போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். இடிந்த வீட்டுக்குள் படம் எடுக்கப் போகாதீர்கள். தெரியாத இரும்பைத் தொடாதீர்கள். காவல் சாவடியையும் ராணுவ வண்டியையும் படம் பிடிக்காதீர்கள். உள்ளூர்க்காரர் ஒரு தெருவுக்குள் போக வேண்டாம் என்றால் காரணம் கேட்டு நிற்காதீர்கள்.

ஐந்தாவது, கணக்கை முடியுங்கள். வாங்கிய கடன், கொடுத்த கடன், பங்குதாரர் பாக்கி, யாரோ நம்பிக் கொடுத்த அமானிதம் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, வீட்டாரிடம் கொடுங்கள். இறைவழியில் உயிர் கொடுத்தவருக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று நபிமொழி எச்சரிக்கிறது. கடனை வைத்துவிட்டுக் கண்ணிவெடி நிலத்தைப் பார்க்கப் போவது எந்த ஊர் நியாயம்?

ஆறாவது, மனைவியிடமும் பெற்றோரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். "துபாய் போகிறேன்" என்று சொல்லிவிட்டு பக்தாத் போகிறவனைத் தேட வேண்டிய நாள் வந்தால், அவர்கள் துபாயில் அல்லவா தேடுவார்கள்!

ஊருக்கு ஒரு வேலை

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜமாஅத்தும், ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் ஒரு பதிவேடு வைக்கட்டும். வெளிநாடு போனவர் பெயர், போன நாடு, வேலை பார்க்கும் இடம், முதலாளியின் தொலைபேசி எண், பாஸ்போர்ட் எண், வீட்டாரின் எண். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரி பாருங்கள். போர் வந்த பிறகு இந்த விவரங்களைத் தேடி அலைந்தால் நாட்கள் போகும். கையில் இருந்தால் அன்று மாலையே ஆட்சியர் மேசைக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு போகும். பதிவேட்டில் முஸ்லிம் பெயர் மட்டும் எழுதாதீர்கள். நம் கடையில் சரக்கு வாங்கும் மீனவரின் பிள்ளை பெயரையும் அவர்கள் ஊர்க் கமிட்டியிடம் கேட்டு எழுதுங்கள். குண்டு விழும் ஊரில் அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் படுத்திருப்பார்கள்.

பக்தாதும் ஸன்ஆவும் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய நகரங்கள்தான். அந்த நகரங்களில் அமைதி நிலைக்க வேண்டும் என்று துஆச் செய்வோம். அங்கே வாழும் மக்களுக்கு அது நம் பயணத்தை விடப் பெரிய தேவை. நமக்குப் பாதை திறக்கும் நாளில் போவோம், இன்ஷா அல்லாஹ்; போய், பார்த்து, திரும்பியும் வருவோம்.

வஸ்ஸலாம்.